வந்தாரா, வந்தாராமா? நிஜத்தைக் கதையாக எழுத வருபவர்களுக்கு

தமிழில் வினைச்சொல்லின் வாலில் ஓர் ‘ஆம்’ ஒட்டினால் போதும், சாட்சி மாறிவிடும். ‘வண்டி கவிழ்ந்தது’ என்றால் அந்தச் சொல்லுக்கு நான் பொறுப்பு. ‘வண்டி கவிழ்ந்ததாம்’ என்றால் யாரோ சொன்னார்கள், நான் கேட்டேன். ஊர்க்கதை சொல்லும் ஆச்சிகள் இந்த வித்தியாசத்தில் தவறுவதே இல்லை. பத்திரிகைக்கு எழுத வரும் நாம்தான் முதல் வேலையாக அந்த ‘ஆம்’ எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பார்க்காததையும் பார்த்தது போல எழுதத் தொடங்குகிறோம்.

உண்மையில் நடந்ததைக் காட்சி, மனிதர்கள், பேச்சு, திருப்பம் எல்லாம் வைத்துக் கதையாகச் சொல்லும் செய்தி எழுத்து ஒன்று இருக்கிறது. அபுனைவு என்கிறார்கள், களக்கட்டுரை என்கிறார்கள். அதில் கால் வைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கதைக்காரரின் கருவிகள் எல்லாவற்றையும் நாம் எடுத்துக்கொள்ளலாம், கற்பனையைத் தவிர. எந்த வரியைத் தொட்டு ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று யார் கேட்டாலும் பதில் இருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அந்தப் பதிலைத் தயார் செய்வதற்குத்தான்.

முதலில் ஒரு நாளைப் பிடியுங்கள்

புதிதாக எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ‘உப்பளத் தொழிலாளர்களின் அவலம்’ மாதிரி ஒரு தலைப்போடு வருகிறார்கள். அது மேடைப் பேச்சுக்குப் போதும், கதைக்குப் போதாது. கதைக்கு ஒரு மனிதர் வேண்டும், அவருக்கு ஏதோ ஒன்று நேர்ந்த ஒரு நாள் வேண்டும்.

அமெரிக்க நிருபர் ஜான் ஹெர்சி 1946-ல் ஹிரோஷிமாவுக்குப் போனபோது, அணுகுண்டின் சக்தி, இடிந்த கட்டடங்கள், இறந்தவர் கணக்கு எல்லாம் பத்திரிகைகளில் ஏற்கெனவே வந்துவிட்டன. அவர் உயிர் தப்பியவர்கள் பலரைச் சந்தித்து, ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார். ஒரு தொழிற்சாலை குமாஸ்தாப் பெண், இரண்டு டாக்டர்கள், போரில் கணவரை இழந்த ஒரு தாய், ஒரு ஜெர்மன் பாதிரியார், ஒரு மெதடிஸ்ட் போதகர். 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15-க்கு ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் தொடக்கம். குமாஸ்தா தோஷிகோ சசாகி பக்கத்து மேஜைப் பெண்ணிடம் ஏதோ சொல்லத் தலையைத் திருப்புகிறார். நகமுரா அம்மாள் சமையலறை ஜன்னல் வழியே, பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டைத் தானே இடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குண்டு விழுந்தால் தீ பரவாமலிருக்கத் தெருக்களில் இடைவெளி உண்டாக்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு டாக்டர் ரத்த மாதிரியைக் கையில் ஏந்தி ஆஸ்பத்திரி நடையில் போகிறார். பாதிரியார் உள்ளாடையோடு கட்டிலில் சாய்ந்து பத்திரிகை படிக்கிறார்.

நியூயார்க்கர் இதழ் 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட இதழ் முழுவதையும் இந்த ஒரே கட்டுரைக்குக் கொடுத்தது. சுமார் 31,000 சொற்கள். கோபமோ ஒப்பாரியோ எந்த வரியிலும் கிடையாது.

அந்த உள்ளாடை ஹெர்சிக்கு எப்படித் தெரிந்தது? கேட்டார், அவ்வளவுதான். பல மாதம் கழித்து வந்து, அந்த நிமிஷத்தில் என்ன உடுத்தியிருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். ‘அப்போது உங்கள் மனநிலை எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு’ என்றுதான் யாரும் சொல்வார்கள். கையில் என்ன வைத்திருந்தீர்கள், எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள், அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள், யார் முதலில் பேசினார்கள் என்று கேளுங்கள். பொருளைக் கேட்டால் காட்சி வரும். காட்சி வந்தால் மனநிலை தானாகக் கூடவே வந்துவிடும்.

அவர்கள் நேரத்துக்குப் போங்கள்

நான் தூத்துக்குடி உப்பளங்களில் ஒரு கட்டுரைக்காகச் சில வாரம் அலைந்தேன். வெயில் ஏறுவதற்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்று விடியலுக்கு வெகு முன்பே போய்விடுவார்கள். நான் முதல் நாள் பத்து மணிக்குப் போய் நின்றேன். களைத்துப் போனவர்களின் முகம்தான் கிடைத்தது. மறுநாள் மூன்று மணிக்குப் போனேன். இருட்டில் டார்ச் வெளிச்சம் மட்டும் நகர்ந்தது. பாத்தியில் பலகையால் உப்பை வாரும் சரசர சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. அந்தச் சத்தத்தைப் பத்து மணிக்கு யாரும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சில நடைமுறைகள். நீங்கள் யார், எந்தப் பத்திரிகைக்கு, எதைப் பற்றி என்பதை முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் நீங்கள் உளவு பார்த்ததாகத்தான் ஆகும். கூலி வேலை செய்பவரை வேலை நேரத்தில் நிறுத்திவைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். அவர் நின்ற நேரத்துக்கு அவருக்குக் கூலி கிடையாது. பேட்டிக்குப் பணம் கொடுக்கவும் கூடாது, கொடுத்தால் கதை அந்தப் பணத்தின் பக்கம் சாய ஆரம்பித்துவிடும். வீட்டில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். நம் ஊரில் மறுத்த தண்ணீருக்கு ஓர் அர்த்தம் உண்டு. உங்கள் மனதில் அது இல்லாவிட்டாலும், கொடுத்தவர் மனதில் தைத்துவிடும்.

நோட்டில் ‘ஆம்’ போடுங்கள்

எனக்கு மிகவும் உதவிய பழக்கம் இது. களத்தில் குறிப்பெடுக்கும்போது, கண்ணால் பார்த்ததை நேர் வினையில் எழுதுகிறேன். கேட்டதை எல்லாம் ‘ஆம்’ போட்டு எழுதி, பக்கத்தில் சொன்னவர் பெயரையும் தேதியையும் குறிக்கிறேன். முதல் வரைவிலும் அந்த ‘ஆம்’ அப்படியே இருக்கும். படிக்கக் கரடுமுரடாகத்தான் இருக்கும், இருக்கட்டும். ஒவ்வொரு ‘ஆம்’-ஐயும் எடுப்பதற்கு ஓர் ஆதாரம் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் ‘என்கிறார்’ என்று சொன்னவர் பெயரிலேயே நிற்க வேண்டும்.

செல்போனில் பதிவு செய்வதாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பதிவு ஓடுகிறதே என்று கையைச் சும்மா வைத்திருக்காதீர்கள். சுவரில் தொங்கும் காலண்டர் எந்த மாதத்தில் நிற்கிறது என்பது பதிவில் வராது. அன்று இரவே குறிப்புகளை விரித்து எழுதிவிடுங்கள். இரண்டு நாள் போனால் உங்கள் மூளை இடைவெளிகளைத் தானே நிரப்ப ஆரம்பித்துவிடும், நிரப்பியது உங்களுக்கே தெரியாது.

பெய்யாத மழை

அந்த உப்பளக் கட்டுரையின் நடுவில் ஒரு விபத்து வருகிறது. தொழிலாளர்களை ஏற்றிப் போன ஒரு குட்டியானை வண்டி, கோடையின் ஓர் அதிகாலையில், அளத்துப் பாதையோரம் கவிழ்ந்தது. அதில் தோள் எலும்பு முறிந்த ஓர் அக்காதான் என் கதையின் மையம். என் நோட்டில் இப்படி இருந்தது:

‘மூன்று மணிக்கு எழுந்தாராம். சோற்றுச் சட்டியைத் துணியில் கட்டினாராம். வண்டி ஏறும்போது மழை இல்லையாம், பாதி வழியில் பிடித்துக்கொண்டதாம். வண்டி சாயும்போது மழையில் நனைந்து கிடந்தாராம்.’

அதிகாலை, இருட்டு, மழை, விபத்து. எந்த எழுத்தாளருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் வண்டி ஓட்டியவர் மழையே இல்லை என்றார். அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, வழக்கு அவர் மேல் இருக்கிறது. கூட வந்த இன்னொரு பெண்ணுக்கு நினைவில்லை. என் சந்தேகத்தைத் தீர்த்தது உப்புதான். மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடும், அன்றைக்கு வாருவதற்கே ஒன்றும் இருக்காது. அந்த நாளில் மற்றவர்கள் வாரிய உப்பின் கணக்கு அளத்து நோட்டில் இருந்தது.

அப்படியானால் அக்கா பொய் சொன்னாரா? அடுத்த முறை போனபோது மழை பற்றியே நான் பேசவில்லை. “நனைஞ்சேன்னு சொன்னீங்களே அக்கா, எங்கெங்க நனைஞ்சது?” என்று மட்டும் கேட்டேன். யோசித்தார். “தோளு, முதுகு.” “தலை?” “தலை நனையலயே தம்பி.” வண்டியில் குடிதண்ணீர்க் கேன்கள் இருந்திருக்கின்றன. கவிழ்ந்தபோது ஒன்று அவர் மேல் கொட்டியிருக்கிறது. இருட்டில், வலியில், மேலே தண்ணீர் பட்டால் அது மழையாகத்தான் நினைவில் நிற்கும். அவர் சொன்னது பொய்யே இல்லை. நான் மட்டும் ‘ஆம்’-ஐ எடுத்துவிட்டு எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். கட்டுரையில் இரண்டையும் எழுதினேன், அவர் நினைவில் இருந்த மழையையும் கேன் தண்ணீரையும். கற்பனை மழையைவிட அந்தப் பத்தி நன்றாகவே வந்தது.

இதன் மறுபக்கம் 1955-ல் கொலம்பியாவில் நடந்தது. ‘கால்டாஸ்’ என்ற கடற்படைக் கப்பலிலிருந்து எட்டுப் பேர் கடலில் விழுந்தார்கள். லூயிஸ் அலெஹாண்ட்ரோ வெலாஸ்கோ மட்டும் பத்து நாள் தெப்பத்தில் மிதந்து கரை சேர்ந்தார். காரணம் புயல் என்றது அரசு. அப்போது எல் எஸ்பெக்டடோர் நாளிதழில் இளம் நிருபராக இருந்த காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ், தினமும் ஆறு மணி நேரம் வீதம் இருபது முறை அவரோடு உட்கார்ந்தார். முன்னுக்குப் பின் முரணாக எதுவும் வருகிறதா என்று பார்க்க மடக்குக் கேள்விகளும் போட்டார். புயலைப் பற்றிக் கேட்டபோது, அப்படி எதுவும் வீசவே இல்லை என்றார் மாலுமி. தளத்தில் கட்டியிருந்த கடத்தல் சரக்கு காற்றில் சரிந்ததுதான் அவர்களைக் கடலில் தள்ளியது. அரசு மறுத்தது. அந்தப் பயணத்தில் உடன் வந்த மாலுமிகள் ஒருவரையொருவர் எடுத்துக்கொண்ட புகைப்படங்களைப் பத்திரிகை தேடிப் பிடித்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னால் அந்தப் பெட்டிகள் தெரிந்தன. ஒருவரோடு உட்கார்ந்து கேட்பதும், கேட்டதற்கு வெளியே போய் ஆதாரம் தேடுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் எனக்குத் தெரியாது.

காகிதங்களைத் தேட நம் ஊரிலும் வழி இருக்கிறது. எஃப்.ஐ.ஆர்., நீதிமன்ற உத்தரவு, காயச் சான்று, ஊராட்சித் தீர்மானம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் என்று ஒரு மனிதரின் வாழ்க்கை அலுவலகங்களில் சிதறிக் கிடக்கும். 2005-ம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஆகவே மனுவை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள், எழுத உட்காரும்போது பதில் கையில் இருக்கும். மும்பை விமான நிலையத்தை ஒட்டிய அன்னவாடி குடிசைப் பகுதியைப் பற்றி எழுத, அமெரிக்க நிருபர் கேத்தரின் பூ 2007 நவம்பரிலிருந்து 2011 மார்ச் வரை அங்கே போய்வந்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஆவணங்களையும் தேடிப் படித்தார். ஒரு எச்சரிக்கை: காகிதமும் ஒரு சாட்சிதான். அதை எழுதியவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று கேளுங்கள்.

எழுதும்போது

நடந்த வரிசையிலேயே முதலில் எழுதிப் பாருங்கள். முன்னும் பின்னும் தாவும் உத்தி எல்லாம் அப்புறம்.

மேற்கோள் குறிக்குள் வருவது நீங்கள் காதால் கேட்டதாக, அல்லது பேசிய இரு பக்கமும் ஒப்புக்கொண்டதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் குறியை எடுத்துவிட்டுச் சாரத்தை எழுதுங்கள். ஒருவர் மனதுக்குள் ஓடியதை எழுத வேண்டுமானால் அவரிடமே கேட்டிருக்க வேண்டும். இறந்தவரின் கடைசி எண்ணங்களை எழுதவே எழுதாதீர்கள். மூன்று பேரைக் கலந்து ஒரு பாத்திரம் செய்வது, இரண்டு நாள் நடந்ததை ஒரே நாளாக்குவது இரண்டும் புனைவு. பெயரை மாற்றினால், மாற்றியிருக்கிறேன் என்று வாசகரிடம் சொல்லிவிடுங்கள்.

பேச்சுமொழி விஷயத்தில் நம் பத்திரிகைகள் ஒரு தவறை ஓயாமல் செய்கின்றன. கூலித் தொழிலாளி பேசினால் ‘வந்துட்டு போயிருதாவ’ என்று உச்சரிப்பு மாறாமல் எழுதுகிறோம். தாசில்தார் பேசினால் ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று சுத்தமாக்கி எழுதுகிறோம். தாசில்தாரும் வீட்டு வட்டாரப் பேச்சில்தான் சொல்லியிருப்பார். ஒருவரின் மொழியை மட்டும் காட்சிப்பொருளாக்குவது அவரைக் கீழே உட்கார வைப்பது. எழுதினால் எல்லார் பேச்சையும் பேசியபடி எழுதுங்கள், திருத்தினால் எல்லாருக்கும் திருத்துங்கள்.

அழகான கடைசிக் காட்சி கையில் இல்லாதபோதுதான் சறுக்கல் வரும். அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி, கான்சாஸில் ஒரு குடும்பமே கொல்லப்பட்டதைப் பற்றி 1966-ல் வெளியிட்ட புத்தகம் ஒரு கல்லறைச் சந்திப்பில் முடிகிறது. அந்தச் சந்திப்பு நடக்கவே இல்லை. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழ், தன் நட்சத்திர நிருபர் கிளாஸ் ரெலோட்டியஸ் ஆண்டுக்கணக்கில் கட்டுக்கதை எழுதிவந்ததை ஒப்புக்கொண்டது. உடன் வேலை செய்த ஹுவான் மொரேனோதான் அதைக் கண்டுபிடித்தார். ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற சிறு அமெரிக்க ஊரின் நுழைவாயிலில் ‘மெக்சிகோக்காரர்களே வராதீர்கள்’ என்று பலகை இருந்ததாக ரெலோட்டியஸ் எழுதியிருந்தார். பலகை கிடையாது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது படித்த அன்றே தெரிந்திருக்கும். ஜெர்மனியில் இருந்த ஆசிரியர்களுக்குத்தான் தெரியவில்லை. எழுதி முடித்ததும் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவர் இதைப் படித்தால், எந்த வரியில் நிமிர்ந்து பார்ப்பார்?

உண்மையாக இருந்தும்

இதுவரை சொன்னதெல்லாம் சரிபார்ப்பு. சரிபார்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன்.

அந்த அக்கா ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஒரு ஜோடி வளையலை அடகு வைத்திருந்தார். கல்யாணத்துக்கு மாமியார் போட்டவை. எனக்கு அவரே சொன்னார், அடகுச் சீட்டையும் காட்டினார். தொகை, தேதி, வட்டி எல்லாம் சரியாக எழுதினேன். கட்டுரை வந்த மறு வாரம் போனேன். வாசலில் வைத்தே சொன்னார்: “நீங்க எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்ல தம்பி. ஆனா எங்க அத்தைக்கு அது உங்க புஸ்தகத்தப் பாத்தா தெரியணும்? நீங்க எழுதிட்டுப் போயிருவிய. நான்லா இந்த வீட்ல இருக்கணும்.”

என்னிடம் பதில் இல்லை. என்னிடம் பேசச் சம்மதித்தார், பதிவுக்குச் சம்மதித்தார். வளையல் அச்சில் வருவதற்குச் சம்மதித்தாரா என்று நான் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு சம்மதத்தை மூன்று முறை கேட்கிறேன். தொடங்கும்போது ஒரு முறை. நெருங்கிப் பழகி, நான் நிருபர் என்பதே அவருக்கு மறந்து போயிருக்கும் கட்டத்தில் இன்னொரு முறை. கடைசியாக, அச்சுக்குப் போகும் முன் அவரைப் பற்றிய பகுதிகளை உட்கார்ந்து வாசித்துக் காட்டி ஒரு முறை. வாசித்துக் காட்டுவதைப் பல ஆசிரியர்கள் ஏற்பதில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி, அமைச்சருக்கோ முதலாளிக்கோ முன்கூட்டிப் படித்துக் காட்டத் தேவையில்லை. குற்றச்சாட்டைச் சொல்லிப் பதில் வாங்கினால் போதும். பத்திரிகைக்குப் பேசிப் பழக்கமில்லாத, எழுதியதன் விளைவைத் தானே சுமக்கப்போகிற ஒருவருக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுப்பது நம் கடமை என்றே நினைக்கிறேன். வாசிக்கும்போது இதை யார் யார் படிப்பார்கள் என்றும் சொல்லுங்கள்: மாமியார், மேஸ்திரி, கடன் கொடுத்தவர், பிள்ளையின் வகுப்பு வாத்தியார். ‘பத்திரிகையில் வரும்’ என்ற சொல் பலருக்குத் தூரத்தில் எங்கோ நடப்பது மாதிரிதான் கேட்கும்.

வாய்ச் சம்மதம் போதாத, சட்டம் குறுக்கிடும் இடங்களும் உண்டு. பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவதைக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு தடுக்கிறது, குழந்தைகள் என்றால் போக்சோவின் 23-வது பிரிவு. பெயரை மட்டும் மாற்றிவிட்டு, பள்ளி, தெரு, தகப்பனாரின் தொழில் மூன்றையும் எழுதினால் ஊரே கண்டுபிடித்துவிடும். சாதிக் கலவரம், காதல் திருமணம், ஊர்விலக்கு பற்றி எழுதும்போதும் இதே கவனம் வேண்டும். அங்கே சட்டம் வாயைத் திறக்காவிட்டாலும் அரிவாள் இருக்கிறது.

வெளிவந்த பிறகு

இதழைக் கையோடு கொண்டு போய்க் கொடுங்கள். படிக்கத் தெரியாதவரானால் வாசித்துக் காட்டுங்கள். தவறு என்று யாராவது சொன்னால் சரிபார்த்துத் திருத்தம் போடுங்கள், எங்கே திருத்தினீர்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள். போன் நம்பரை மாற்றாதீர்கள். கட்டுரையால் சிக்கல் வந்தால் அவர்கள் முதலில் தேடுவது உங்களைத்தான். ஹெர்சி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து மறுபடி ஹிரோஷிமாவுக்குப் போய், அந்த ஆறு பேருக்கும் பிறகு என்ன ஆயிற்று என்று 1985-ல் எழுதினார்.

வளையல் வரியை இணையப் பதிப்பிலிருந்து ஆசிரியர் எடுத்துவிட்டார். அதைச் சொல்லத் தூத்துக்குடிக்குப் போனேன். அக்கா அப்போது மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார், இடது கையால் மட்டும் சுமை பிடித்துக்கொண்டு. நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் கேட்டார்: “போன்ல இருந்து எடுத்துட்டிய, சரி. அச்சுல வந்தத என்ன செய்விய?”